டிரம் ஓங்கி விழுந்த பாட்டு

பெட்டிக்குள் படுத்துக்கொண்டு, வருகிற கத்திகளுக்கு இடம் விட்டு வளைவதுதான் அவளுடைய வேலை. கல்யாணமான அடுத்த மாதமே கணவர் அவளைப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டார். நடுவில் ஒரு பெண்ணைப் பெற்றெடுக்கத்தான் எழுந்து வந்தாள் என்று அவள் தங்கை கேலி செய்வாள். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. கணவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். அவளும் வெளியாட்களிடம் அப்படித்தான் சொல்வாள். மேஜிக்காரரைக் கட்டிக்கொண்டால் வாழ்க்கை சுவாரசியமாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள், ஒரே ஒரு வாரம் அந்தப் புறாக்கூண்டைக் கழுவிப் பார்க்க வேண்டும்.

கத்திப் பெட்டியில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஓர் ஆள் முழங்காலை மடக்கிப் படுக்கிற அளவுக்கு ஒரு மரப்பெட்டி. மேலேயும் பக்கவாட்டிலும் கத்தி நுழையத் துவாரங்கள். மாஸ்டர் ஒவ்வொரு கத்தியாகச் சொருகுவார். உள்ளே இருக்கிறவள் அதற்குள் நகர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நகர்ந்து முடித்ததும் பெட்டியக்கா விரல் முட்டியால் பலகையில் லேசாகத் தட்டுவாள். மூடியில் காதை வைத்து யோசிப்பவர் போல மாஸ்டர் பாவனை செய்துகொண்டிருப்பார். தட்டல் கேட்டதும் கத்தி இறங்கும். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக்கூட அந்தத் தட்டல் கேட்காது.

பிறகு ஒரு காலத்தில் மாஸ்டருக்கும் கேட்காமல் போயிற்று.

முதலில் அவர் மைக்கைக் குறை சொன்னார். அப்புறம் ஜனங்களைக் குறை சொன்னார். "இப்பல்லாம் யாரும் கை தட்டறதே இல்ல, பாத்தியா? எல்லாத்தையும் போன்லயே பாத்துடறாங்க, மரத்துப் போச்சு" என்பார். அன்றைக்குக் கூட்டம் விடாமல் கை தட்டியிருக்கும். குழாயைத் திறந்துவிட்டு அவர் பாட்டுக்கு வேறு அறைக்குப் போய்விட, தண்ணீர் கூடம்வரை வந்த நாளில்தான் பெட்டியக்கா அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரம்பு போய்விட்டது, இனி வராது என்றார்கள். காதுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். மேடையில் அதைப் போட்டால் ஸ்பீக்கர் சத்தத்தில் தலையே வெடித்துவிடும் போலிருந்தது, பார்க்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும் என்று அதை அலமாரிக்குள் தூக்கிப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு விஷயம் இரண்டு பேருக்குள் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. அவள் எப்போதும் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றுதான் பேசுவாள், அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். மேடைக்கு வருகிற பார்வையாளர் தன் பெயரை முணுமுணுத்தால், அவள் அந்த ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சத்தமில்லாமல் அந்தப் பெயரை வாயசைப்பாள். மாஸ்டர் கண்ணை மூடித் திறந்து பெயரைச் சொல்லுவார். மனதைப் படிக்கிறார் என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வகையில் காது போனதில் ஒரு புது வித்தையே கிடைத்தது.

கத்திப் பெட்டிக்கு மட்டும்தான் வழி தெரியவில்லை. அவள் தட்டுவது அவருக்குக் கேட்காது, அவள் முகமும் பெட்டிக்குள் இருக்கிறது. பல பாட்டுகளைப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் பழைய பாட்டு ஒன்று அகப்பட்டது. ஓடாமல் போன ஏதோ ஒரு படத்துப் பாட்டு. ஒரு பெண் குரல் ஒரு வரி பாடும். வரி முடிந்ததும் பெரிய டிரம் ஒன்று 'தொம்' என்று ஒரே அடி விழும். பிறகு அடுத்த வரி. டிரம் மற்ற நேரத்தில் வாயே திறக்காது. ஒரு ஸ்பீக்கரை மேடைப் பலகையில் குப்புறக் கவிழ்த்து வைத்தால், அந்த அடி மரத்தின் வழியாக மாஸ்டரின் பாதத்துக்கு வந்துவிடும். அவள் பாடுகிற நேரத்தில் நகர்ந்துகொள்வாள். ஒரு டிரம், ஒரு கத்தி. சவுண்டுக்காரர்கள், "ஸ்பீக்கரை இப்படியாங்க வைப்பாங்க?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். "மாஸ்டருக்கு அது ஒரு சென்டிமென்ட்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள்.

போன வருஷம் ஒரு பொருட்காட்சியில் மட்டும் தவறிவிட்டது. மேடை மரமல்ல, சிமெண்ட். டிரம் காலுக்கு வரவில்லை. பாதியில் நிறுத்த வெட்கப்பட்டு மாஸ்டர் குத்துமதிப்பாகச் சொருகினார். அவள் திரும்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு கத்தி இறங்கி விலாவை உரசிக்கொண்டு போயிற்று. கறுப்பு உடை என்பதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சிரித்தபடி வெளியே வந்து கையை விரித்து நின்றாள். ஆஸ்பத்திரியில் தகரம் கிழித்துவிட்டது என்றாள். வீட்டில், "ஒண்ணுமில்லங்க, கீறல்" என்றாள். அன்றிலிருந்து மூடி விழும்போதெல்லாம் பயத்தில் அவள் கை தானாக விலாவைப் பொத்திக்கொள்ளும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் புது அரங்கு அவர்களைக் கூப்பிட்டது. நல்ல மரமேடை, வெல்வெட் திரை, வாராவாரம் நிகழ்ச்சி. பள்ளிக்கூட மைதானத்திலும் கல்யாண மண்டபத்திலும் சாப்பாட்டு வரிசைக்கு நடுவில் வித்தை காட்டியே தலை நரைத்துப் போன மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. கோட்டைச் சலவைக்குப் போட்டார். கண்ணாடி முன்னால் நின்று வணக்கம் சொல்லிப் பார்த்தார். அரங்கின் வாசலில் கத்திப் பெட்டியின் படத்தோடு போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். "இது போதும். இங்க ஒரு வருஷம் நின்னு ஆடிட்டேன்னா, நானும் ஒரு மேஜிக்காரனா இருந்தேன்னு எனக்கே நம்பிக்கை வந்துடும்" என்றார். அவர் அப்படியெல்லாம் பேசுகிற ஆளே அல்ல. இந்த மனிதருக்கு இது கிடைத்தே ஆகவேண்டும் என்று அவள் நினைத்தது பொய்யில்லை.

அரங்க மேலாளர் சின்ன வயசுக்காரர். மரியாதைக்குக் குறைவில்லை. ஒத்திகையைப் பார்த்து அசந்துபோனவர், கடைசியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், இந்தப் பாட்டுக்கு அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"பாட்டுக்கா? எல்லா இடத்துலயும் போட்டுட்டுதாங்க இருக்கோம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"இங்க கேப்பாங்க. வாசல்ல, இடைவேளையில பாட்டு போடறதுக்கு நாங்களே மொத்தமா உரிமம் வச்சிருக்கோம். ஆனா ஒரு பாட்டை ஒரு வித்தையோட சேர்த்துக் கட்டி வாராவாரம் மேடையில காட்டினா அது தனிக் கணக்கு. சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். இல்லேன்னா வேற பாட்டு போட்டுக்குங்க. எதைப் போட்டா என்ன?"

எதைப் போட்டால் என்ன என்று அவருக்கு எப்படிச் சொல்லுவாள்? "மாஸ்டருக்கு அது ஒரு சென்டிமென்ட்" என்றாள்.

மாஸ்டர் வெளியில் போய்ப் பேச முடியாது. வாய் தெரியாத போனில் அறவே முடியாது. ஆகவே அலைச்சல் முழுக்க அவள் தலையில் விழுந்தது. ஒரு பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒலிப்பதிவு, அதை வெளியிட்ட கம்பெனிக்குச் சொந்தம்; மெட்டு இசையமைத்தவருக்குச் சொந்தம். இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும். கம்பெனி கண்ணாடி அறையில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடோ தேடென்று தேடினாள். "இப்படி ஒரு பாட்டு எங்ககிட்ட இருக்குன்னு எங்களுக்கே தெரியாது மேடம். இதைக் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லி, ஒரு வாரத்தில் சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டாள். பூதம் என்று நினைத்தது புறா மாதிரி வந்துவிட்டது.

மறுத்தது இசையமைப்பாளர்தான். பட உலகை விட்டு ஒதுங்கி, மேல்மாடி வீடு ஒன்றில் மகளோடு இருந்தார். மகள்தான் போனில் பேசினாள். "அப்பா அந்தப் பாட்டைத் தவிர எதை வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்றார்." இரண்டாம் முறை கேட்டபோதும் அதே பதில். மூன்றாம் முறை மகள், "சொன்னாப் புரிஞ்சுக்குங்களேன்" என்று பட்டென்று வைத்துவிட்டாள். பெட்டியக்கா புடவையை மாற்றிக்கொண்டு நேரே கிளம்பிப் போனாள்.

பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்து முக்காலியில் மருந்துப் பெட்டிகள், துணி போர்த்திய ஒரு பழைய பியானோ. ஆள் மெலிந்திருந்தாலும் குரல் கணீரென்று இருந்தது.

"அது என் பாட்டே இல்லம்மா. அந்த டிரம்காரன் பாட்டு. மெல்லத் தட்டுடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கதவை உடைக்க வந்தவன் மாதிரி அடிச்சுட்டான். மறுபடி எடுக்கலாம்னா ஸ்டூடியோ நேரம் முடிஞ்சுபோச்சு. அந்தத் தப்போடயே வெளில விட்டுட்டாங்க. அப்புறம் எங்க போனாலும், 'என்ன சார், இடி மின்னல்லாம் சௌக்கியமா?'ன்னு கிண்டல். அதைப் போய் மேடையில போடணும்ங்கறே. நான் கண்ணை மூடினப்புறம் போட்டுக்கோ."

"ஐயா, அந்தப் பாட்டு இல்லேன்னா மாஸ்டரால மேடை ஏற முடியாது."

"மெட்டுதானே வேணும்? அதை நானே திருப்பி எடுத்து வச்சிருக்கேன், டிரம் பூ மாதிரி விழும். கேளு."

மகளிடம் சொல்லிப் போடச் செய்தார். நல்ல பாட்டுதான். பெட்டியக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே வெறும் பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்தாள். வரிகள் வந்தன, போயின. பாதத்துக்கு எதுவும் வரவில்லை.

"எங்களுக்கு அந்தத் தப்புதாங்க ஐயா வேணும்" என்றாள்.

"ஏன்?"

அவள் சொன்னாள். மாஸ்டருக்குக் காது போனதை, கவிழ்த்து வைத்த ஸ்பீக்கரை, ஒரு டிரம் ஒரு கத்தி என்பதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு அந்தப் பழைய பாட்டைத் தேடிப் போடச் சொல்லி, காலுறையைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைத் தரையில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு அடிக்கும் தலையை ஆட்டினார். முடியும்போது கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா அந்த டிரம்காரனைத் திட்டிக்கிட்டே இருந்தேன்மா. உன் வீட்டுக்காரருக்காக அடிச்சிருக்கான் போல" என்றார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். கூடவே ஓர் ஆசையையும் சொன்னார். "ஷோ தொடங்கறதுக்கு முன்னாடி இதை மைக்ல சொல்லணும். இந்த மனுஷனுக்குக் காது கேக்காது, இந்தப் பாட்டைக் காலால கேட்டுத்தான் கத்தி சொருகறார்னு சொல்லணும். எழுந்து நின்னு கை தட்டுவாங்க!"

"ஐயோ, வேண்டாங்க ஐயா! வெளில தெரிஞ்சா அவர் உயிரையே விட்டுடுவார். தயவு பண்ணி யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"இதுல என்னம்மா வெக்கம்? சரி சரி, அழாதே. நான் வாயைத் திறக்கல, போதுமா?"

வாக்குத் தவறுகிற மனிதர் அல்ல என்றுதான் அவள் நம்பினாள். அவரும் தவறவில்லை, அவர் கணக்கில். மறுநாள் அரங்க மேலாளருக்குப் போன் போட்டு, உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், எப்பேர்ப்பட்ட கலைஞரைப் பிடித்திருக்கிறீர்கள் தெரியுமா என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நல்ல மனதோடு ஒருவர் செய்கிற கெடுதலுக்கு எந்த மருந்தும் கிடையாது.

கடிதங்களை எடுத்துக்கொண்டு அவள் போனபோது மேலாளர் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். கடிதங்களைப் படித்தார். மடித்து வைத்தார்.

"பாட்டுக்கு அனுமதி வந்தாச்சு மேடம். அவருக்குத்தான் என்னால குடுக்க முடியாது."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"நீங்க ஒத்திகை பாத்தீங்களே. ஒரு சின்னத் தப்பு வந்துதா?"

"வரல. அப்ப எனக்கு விஷயம் தெரியாது. இப்பத் தெரியும். தெரிஞ்சப்புறம் அவர் கையில கத்தியைக் குடுத்துட்டு நான் ஆபீஸ்ல நிம்மதியா உக்காந்திருக்க முடியுமா?"

"பெட்டிக்குள்ள படுக்கறது நான். எனக்குப் பயமில்ல. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கறேன்."

"போட்டுக் குடுப்பீங்க. ஒருநாள் ஏதாவது ஆச்சுன்னா, பதில் சொல்ல நீங்க இருக்கமாட்டீங்களே மேடம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. அவர் மேலும் இறங்கி வந்து பேசினார். மற்ற வித்தைகளை மாஸ்டர் தாராளமாகச் செய்யட்டும். கத்திப் பெட்டி வேண்டுமானால் கத்தியை வேறு ஓர் ஆள் சொருகட்டும், மாஸ்டர் பக்கத்தில் நின்று பேசட்டும். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் போஸ்டர் இருந்தது. அதில் கத்தியை ஓங்கியபடி மாஸ்டர் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மாஸ்டர் மேஜைமேல் பழைய பேப்பரை விரித்து, கத்திகளைப் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். "கிடைச்சுதா?" என்றார். அவள் கடிதங்களை நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இரண்டையும் வரிவரியாகப் படித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. "பெரிய ஆள்தான் நீ! ஒரு ஆபீஸ் படி ஏறியிருப்பியா? ரெண்டு பேரையும் மடக்கிட்டியே!" என்றார்.

அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலாளர் சொன்னதைச் சொன்னாள். அவருக்குப் பாதி புரியவில்லை. மறுபடி நிதானமாகச் சொல்ல வைத்தார். புரிந்ததும், "அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கத்தினார். தன் குரல் எவ்வளவு உயருகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்தார்கள்.

"பெரியவர் போன்ல சொல்லிட்டார்."

"அவருக்கு?"

"நான்தான் சொன்னேன். அந்தப் பழைய பாட்டுதான் வேணும்னா காரணம் சொல்லணுமில்ல?"

மாஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகக்கூட இல்லை, ஒரு வித்தையின் உள்வேலையைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறவர் போலத்தான் இருந்தார்.

"காது கேக்காதது உனக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். "பெட்டிக்குள்ள இருட்டு, மூடி போட்டா எனக்கு ஒண்ணும் கேக்காது, அந்த டிரம் ஒண்ணுதான் வந்து முதுகுல தட்டும்னு சொல்லியிருந்தா நம்பமாட்டாரா? எனக்காக எத்தனை பேர்கிட்ட எத்தனை பொய் சொல்லியிருக்கே! இது உனக்கு ஒரு பெரிய பொய்யா?"

இல்லைதான். பெரியவர் வீட்டுப் படியேறும்போதே அந்தப் பொய் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வார்த்தைகூட ஏறக்குறைய இதேதான். அவர் 'ஏன்?' என்று கேட்ட நொடியில் அவள் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதை அவள் அப்போதே உணர்ந்தாள். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அழுதபோது அது நிஜமான அழுகைதான். ஆனால் யாராவது சொல்லிவிடட்டும் என்று உள்ளே ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டியா?" என்று கேட்டார் மாஸ்டர். இந்தத் தடவை அவர் குரல் மிகவும் தணிந்து வந்தது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மேலாளரிடம் சொன்னாளே, அதே மாதிரி. ஆனால் அவர் கண்கள் அவள் உதட்டின் மேலேயே இருந்தன. அந்தக் கண்களுக்கு முன்னால் அவளால் உதட்டைப் பொய்யாக அசைக்க முடியவில்லை.

"ஆமாங்க. பயந்துதான் சொன்னேன்."

"எப்பலேர்ந்து?"

"அந்தப் பொருட்காட்சிலேர்ந்து."

"அது கீறல்னு சொன்னியே."

"தையல் போட்டாங்க."

அவர் மேஜைமேல் இருந்த கத்திகளைப் பார்த்தார். அன்று உரசியது எது என்று தேடுகிறாரா, தெரியவில்லை. பிறகு பேப்பரோடு சேர்த்து எல்லாவற்றையும் தன்னிடமிருந்து தள்ளிவைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் மேல் தப்பில்லை, அந்தத் தரைதான் சிமெண்டாக இருந்தது, நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள் என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். அப்புறம்தான் அது அவருக்குக் கேட்காது என்று உறைத்தது. எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.